இரண்டே முக்கால் அங்குலம்

அந்தக் கேமராவின் முதுகில் இருக்கும் திரையை ஒரு முறை ஸ்கேல் வைத்து அளந்தேன். மூலைக்கு மூலை இரண்டே முக்கால் அங்குலம். என் இரண்டு கட்டைவிரல்களை வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்து, படம் சரியாக வந்திருக்கிறது என்று நான் இருநூற்றுப் பதினான்கு முறை முடிவு செய்தேன். இருநூற்றுப் பதின்மூன்று முறை என் முடிவு சரி. ஒரு முறை தவறு. முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது மோசமான விகிதம் இல்லை என்று எங்கள் பங்குக் கோயில் சாமியாரே சொன்னார். அந்த ஒன்று எது என்று அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊர் ஆவூருக்கும் கீரனூருக்கும் இடையில் இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்கள் நூற்று அறுபது. கல்லறைத் தோட்டத்துக்கு மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் ரோடு. நகர்த்த இடமில்லாத சுவர். இரண்டு வருடம் முன்னால் பங்குக் கூட்டத்தில் இடப் பிரச்சினை வந்தபோது, ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து கணக்குச் சொன்னேன். வருடத்துக்குச் சராசரி ஒன்பது சாவு, மிச்சம் இருப்பது இருபத்திரண்டு குழிக்கு இடம், இரண்டரை வருடம்கூடத் தாங்காது. கூட்டம் அமைதியானது. அந்த அமைதியில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட, நிரந்தரமாகக் கட்டாத கல்லறைகளை மட்டம் செய்துவிடுவது என்று முடிவானது. அவை எத்தனை என்று எண்ணிச் சொல்லும் வேலையும் என்னிடமே வந்தது. இருநூற்றுப் பதினான்கு. அதில் ஒன்று எங்களுடையது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"நம்ம புள்ளையும் அதுல உண்டா?"

"உண்டு."

"நீங்கதான் கணக்குச் சொன்னீங்களாம்."

"ஆமா."

கொஞ்ச நேரம் புடைத்தாள். தவிடு பறந்து அடங்கியது. "அப்ப ஒரு போட்டோ எடுத்துருங்க. எழுத்து தெரியுற மாதிரி எடுங்க. பெருசாப் போட்டு மாட்டிக்கிருவோம். அவனுக்குன்னு இந்த வீட்டுச் சொவத்துல ஒண்ணும் இல்ல."

அவன் எங்கள் முதல் பிள்ளை. மகள் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்னால். அப்போது எனக்குக் கட்டுமாவடியில் வேலை. கடற்கரைப் பள்ளிக்கூடம், வகுப்பில் பாதிப் பேர் மீன் ஏலம் முடிந்துதான் வருவார்கள். மனைவி பிரசவத்துக்கு இங்கே தாய் வீட்டில் இருந்தாள். ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஒரு தந்தி வந்தது. பரீட்சை முடிந்ததும் போகலாம் என்று லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டாவது தந்தி வந்த அன்று அறந்தாங்கி, புதுக்கோட்டை, கீரனூர் என்று மூன்று பஸ் மாறி வந்து இறங்கினேன். பிள்ளையைப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள். பெட்டி என் முழங்கையில் இருந்து விரல் நுனி வரைதான் இருந்தது, அதற்கு மேல் நான்கு விரல் கூட. உயிரோடு அவனை நான் பார்க்கவில்லை. படம் எடுத்து வைக்கும் பழக்கமும் அப்போது எங்களுக்கு இல்லை.

மறு மாதம் கோயில் மதிலைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார், மிச்சச் சிமெண்டை அவன் குழிமேல் போட்டுப் பலகை போல இழுத்துவிட்டார். "காயிறதுக்குள்ள எழுதிருங்க வாத்தியாரே" என்று ஓர் ஆணியைக் கொடுத்தார். மூன்று அங்குல ஆணி. மேலே ஒரு சிலுவை, கீழே பெயர் நான்கு எழுத்து, அதற்குக் கீழே இரண்டு தேதிகள், தேதிக்கு ஆறு இலக்கமாகப் பன்னிரண்டு. சிலுவை நீங்கலாகப் பதினாறு குறிகள். சிமெண்டு இறுகத் தொடங்கியிருந்ததால் கடைசி நான்கு இலக்கம் ஆழமாக விழவில்லை. அந்தப் பிள்ளைக்காக என் கையால் நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

பலகையைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்கலாம். கல்லறைக்குப் போன எதையும் நாங்கள் வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவருவதில்லை. கரைந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டைக்கூட அங்கேயே விட்டுவிட்டுத்தான் வருவோம். படம்தான் வரலாம்.

ஆனால் என் பிள்ளை கல்லறையை மட்டும் போய்ப் படம் எடுத்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. கணக்குச் சொன்னவன், தன்னுடையதை மட்டும் காப்பாற்றிக்கொண்டான் என்று பேச்சு வரும். அதனால் இருநூற்றுப் பதினான்கையும் படம் பிடித்து, பட்டியலோடு பங்குக்குக் கொடுக்கிறேன் என்று சாமியாரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கேமரா மகளுடையது. சிங்கப்பூரில் இருந்து வந்தபோது, இனிமேல் எல்லாம் போனிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டுப் போனாள். என்னிடம் இருந்தது பட்டன் போன். கேமராத் திரையின் மேல் மூலையில் ஓர் எண் தெரியும், இன்னும் எத்தனை படம் எடுக்க இடம் இருக்கிறது என்று. ஒவ்வொரு படத்துக்கும் அது ஒன்று குறையும். அந்த எண்ணுக்காகவே எனக்கு அந்தக் கேமராவைப் பிடிக்கும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். வெயில் ஏறியதும் திரையில் என் முகமும் வானமும்தான் தெரிந்தன. தலையில் துண்டைப் போர்த்தி, கேமராவை உள்ளே இழுத்துக்கொண்டு, கோழி அடைகாப்பது மாதிரி குனிந்து பார்த்தேன். முதல் பதினொன்றும் அருமையாகத் தெரிந்தன. சும்மா இருக்க முடியாமல், பெரிதாக்கிக் காட்டும் குட்டி நெம்புகோலைத் தள்ளி, முதல் படத்தை நான்கு மடங்கு ஆக்கினேன். பெயர் நீரில் எழுதினது போலக் கலங்கிக் கிடந்தது. பதினொன்றையும் அப்படிப் பார்த்தேன். நான்கு கலங்கல்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட விதி இது. சின்னத் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும். சுருக்கிக் காட்டும்போது குற்றமும் சுருங்கிவிடுகிறது. அதனால் எடுத்ததும் நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும். அம்புக்குறிப் பட்டனை அழுத்தி இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிக்க முடிந்தால் மட்டும் நோட்டில் 'சரி' என்று போட வேண்டும். இல்லாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி. அப்படி மறுபடி எடுத்தவை முப்பத்தேழு.

உபதேசியார் கோயில் மணியடித்துவிட்டுப் போகிற வழியில் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். நான் துண்டுக்குள் இருந்து பெயர் பெயராக வாசித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வாத்தியாரே, செத்தவங்களுக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்குறீங்களா?"

"ஆமா. ஒருத்தரும் ஆப்சென்ட் இல்ல."

"இன்னிக்கு இல்லாட்டி என்ன, நம்ம பேரையும் ஒரு ஓரமா எழுதி வச்சுக்கங்க. தேடுற வேலை மிச்சம்."

சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். அன்று நூற்றுப் பதினெட்டு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தொடர்ந்தேன். பிள்ளைகளின் வரிசை மேற்குச் சுவரோரம், வேம்புக்குக் கீழே. பதினொன்றரை மணி வாக்கில் மனைவி குடையோடு வந்தாள். கையில் ஒரு செவ்வந்தி. எங்கள் பிள்ளையின் வரிசை எண் நூற்று அறுபத்து மூன்று. அவள் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் பலகையைத் துடைத்தாள். வேப்பம்பழத்துக் கறையை நகத்தால் சுரண்டினாள். பிறகு பலகையின் முன்விளிம்பில் பூவை வைத்தாள்.

"பூவோட எடுங்க. மொட்டையா வேண்டாம்."

எழுத்து ஆழமில்லாததால் மேலிருந்து எடுத்தால் தெரியாது, தாழ்வாக இருந்து எடுத்தால் கீறலுக்குள் நிழல் விழும் என்று அந்த ஒன்றரை நாளில் கண்டுபிடித்திருந்தேன். முட்டி போட்டேன். பட்டனைப் பாதி அழுத்தினால் திரையில் ஒரு பச்சைக் கட்டம் வரும். அது எதன்மேல் விழுகிறதோ அதைத்தான் கேமரா கூர்மையாகப் பிடிக்கும். பச்சைக் கட்டம் வந்தது. முழுதாக அழுத்தினேன். மனைவி குடையைச் சாய்த்துப் பிடித்தாள். துண்டுக்குள் இருவர் தலையும் முட்டிக்கொள்ளத் திரையைப் பார்த்தோம்.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியுது."

"ஆமா. தெரியுது." அவள் பெயரை வாசித்தாள். நான் இரண்டு தேதியையும் வாசித்தேன். பதினாறு குறியும் இருந்தன.

நோட்டில் 'சரி' போட்டேன்.

நெம்புகோலைத் தள்ளிப் பெரிதாக்கவில்லை. இதை எழுதும்போதும் என் வலது ஆள்காட்டி விரல் அந்த இடத்தைத் தேடுகிறது. முன்பின் தெரியாதவர்களின் கல்லறைகளில் நான் எழுத்தெழுத்தாக வாசித்ததற்குக் காரணம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதியவனே நான். அவளுக்கும் தெரியும். ஐம்பது வருடமாக மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்த எழுத்து. நாங்கள் இருவரும் துண்டுக்குள் வாசித்தது திரையில் இருந்ததை அல்ல.

அதற்குப் பிறகும் மூன்று நாள் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன். மட்டம் செய்யும் பொக்லைன் வியாழக்கிழமைதான் வந்தது. கீரனூர் ஸ்டுடியோவுக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். திங்கட்கிழமை போயிருந்தால் செவ்வாய்க்கிழமை மறுபடி எடுத்திருக்கலாம். செவ்வாய் போயிருந்தால் புதன். நான் போகவில்லை. வரிசை எண், பெயர், தேதி, படம் சரியா என்று நான்கு பத்திகள் போட்டு, ஸ்கேலால் கோடு கிழித்து, பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். அரைகுறையாக ஒரு வேலையைக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. பன்னிரண்டு பக்கம் வந்தது. நூற்று அறுபத்து மூன்றாவது வரியை எழுதும்போது கேமராவைப் பார்க்கவே இல்லை. நினைவில் இருந்து எழுதினேன்.

வியாழக்கிழமை மந்திரித்த தண்ணீர் தெளித்து, செபம் சொல்லி, ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். எலும்புகள் வந்தால் எடுத்து வைக்க ஒரு பொதுக் குழி வெட்டியிருந்தது. பிள்ளைகளின் வரிசையில் அப்படி ஒன்றும் வரவில்லை. பத்தே முக்காலுக்கு அந்த வரிசை முடிந்துவிட்டது. இருபத்தாறு பிள்ளைகளுக்கு ஒன்பது நிமிடம் ஆனது. மனைவி வரவில்லை. "போட்டோ இருக்குல்ல" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கீரனூர் போனேன். ஸ்டுடியோ வைத்திருக்கும் பெண் ஒரு காலத்தில் எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள். இப்போது அவளுக்கே நாற்பதுக்கு மேல் இருக்கும். கேமராவில் இருந்த கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

"எத்தனை படம் சார்?"

"இருநூத்திப் பதினாலு."

"அதானே. சும்மா 'நெறையா'ன்னு சொல்ற ஆளா நீங்க." ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். "நல்லா எடுத்துருக்கீங்க சார். பேரெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. கல்யாணத்துக்குக் கூப்புடலாம் போல."

"நூத்தி அறுபத்தி மூணு மட்டும் பெருசாப் போடணும். பன்னண்டுக்குப் பத்து. சட்டம் போட்டு."

திறந்தாள். படம் அந்தப் பெரிய திரை முழுக்க விரிந்தது. அவள் மௌஸை உருட்டி இன்னும் பெரிதாக்கினாள்.

செவ்வந்தி அவ்வளவு துல்லியமாக வந்திருந்தது. இதழ்களை எண்ணலாம், எண்ணினேன், பாதியில் விட்டேன். ஓர் இதழின் ஓரத்தில் ஓர் எறும்பு இருந்தது. எறும்பின் கால்கூடத் தெரிந்தது. பூவுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு. மாவு கரைத்து ஊற்றியது போல. அதில் மேலே இரண்டு மங்கல் கோடுகள், சிலுவையாக இருக்கலாம். கீழே ஒன்றும் இல்லை.

"பூவுல போக்கஸ் ஆயிருச்சு சார்," என்றாள். பிறகு மெதுவாக, "யாரு சார் இது?"

சொன்னேன்.

"மறுபடி எடுத்துருங்களேன். இன்னிக்கே போயி."

"நேத்து மட்டம் பண்ணிட்டாங்க."

கடைக்கு வெளியே திருச்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள்.

"சார், ஒண்ணு சொல்லவா. என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லுங்க. நான் எழுத்தப் போட்டுத் தாரேன். சிமெண்டுல கீறுன மாதிரியே வந்துரும். யாருக்கும் தெரியாது."

ஒரு துண்டுக் காகிதத்தில் பதினாறையும் எழுதினேன். அவளிடம் நீட்டக்கூடச் செய்தேன். திரும்ப வாங்கிக்கொண்டேன். கடைசி நான்கு இலக்கம் ஆழமில்லாமல் இழுபட்டிருக்கும். பெயரின் இரண்டாவது எழுத்தில் சுழி மூடாது, ஆணி அங்கே ஒரு கல்லில் தட்டியது. அதையெல்லாம் அவள் எப்படிப் போடுவாள்? யாருக்கும் தெரியாது என்றாள். முப்பத்தாறு வருடத்தில் ஒரு முறைகூட, பார்த்து எழுதிய விடைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

"வேண்டாம்மா. இதையே போடு."

"பன்னண்டுக்குப் பத்துல போட்டா..."

"பெருசா வேண்டாம். கேமராத் திரை இருக்குல்ல, அந்த அளவுல போடு."

அவள் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். போட்டுத் தந்தாள். மூலைக்கு மூலை இரண்டே முக்கால் அங்குலம். அந்த அளவில் அது நல்ல படம். எழுத்து இருப்பது போலவே இருந்தது.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள்.

"தெரியுது," என்றாள். "பூவும் நல்லா வந்துருக்கு. பெருசாப் போடச் சொன்னேனே?"

"இந்த அளவுலதான் வருமாம்."

அவள் வைத்த பூவால்தான் எழுத்து போயிற்று என்று நான் எப்படிச் சொல்வேன்? எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவளிடம் சொன்ன பொய்களை என்னால் எண்ண முடியும், அதிகம் இல்லை. இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இன்னொரு கடையில கேட்டுப் பாக்கலாமா?" என்பாள். "அங்கயும் இதே அளவுதான்" என்பேன். படத்தைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

போன கல்லறைத் திருநாளுக்குப் போனோம். மட்டம் செய்த இடத்தில் பங்கிலிருந்து ஒரே ஒரு பெரிய சிலுவை நட்டிருக்கிறார்கள். எல்லாரும் அதைச் சுற்றி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எங்கள் பிள்ளை வேம்பில் இருந்து பதினேழு எட்டுத் தூரம். எண்ணிப் போய் நின்றோம். அங்கே புது மண். அந்த வருடம் இறந்த யாரோ ஒரு பெரியவர் படுத்திருந்தார். நல்ல கல், பொன் எழுத்து. மனைவி அந்த ஓரத்திலேயே ஒரு மெழுகுவர்த்தியை நட்டு, புத்தகத்தில் இருந்து படத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண் என் மனைவிக்கு முறையில் கொழுந்தன் மனைவி. எட்டிப் பார்த்தாள்.

"என்ன படம்க்கா?"

"நம்ம மூத்தவனோடது. கல்லறை. வாசிச்சுப் பாரு."

அவள் படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். திருப்பினாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கிட்டுக்கா எழுதியிருக்கு?"

"பூவுக்கு மேலதான்."

"எழுத்து ஒண்ணும் இல்லையேக்கா. செவ்வந்திதான் இருக்கு. பூ அழகா இருக்கு."

மனைவி படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். கொழுந்தன் மனைவி தன் மாமியார் கல்லறைக்கு மாலை போடப் போய்விட்டாள். நான் புது மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில், ரோட்டுக்கு ஏறும் இடத்தில் நின்று, படத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஒங்களுக்குத் தெரியுதா?"

வாங்கிப் பார்த்தேன். நான்கு எழுத்து, பன்னிரண்டு இலக்கம், மூடாத அந்தச் சுழி.

"தெரியுது."

"எனக்கும் தெரியுது," என்றாள்.

எனக்கு எழுபத்தெட்டு. அவளுக்கு எழுபத்து மூன்று. வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறோம். பன்னிரண்டு பக்கப் பட்டியல் பங்கு அலமாரியில் இருக்கிறது. அதில் நூற்று அறுபத்து மூன்றாவது வரிக்கு நேராக என் கையெழுத்தில் 'சரி' என்று போட்டிருக்கிறது. அதை அடிக்க வேண்டும் என்று இரண்டு முறை சாமியார் வீடு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.